ஜப்திக்கு முந்தின காகிதம்

வக்கீல் ஆபீசில் இருபத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கட்சிக்காரர் சொல்வதில் பாதியை வாசலிலேயே கழித்துவிடுவேன். மீதிப் பாதியை அவர் எழுந்து போன பிறகு கழிப்பேன். அப்படிப்பட்ட என்னையே சந்தேகப்படுவதில் தோற்கடித்த ஒரு மனிதர் உண்டு. தராசு பழுது பார்க்கிறவர்.

முதல் நாள் வந்தவர் உட்காரவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த வக்கீலின் சான்றிதழை நின்றபடியே படித்தார். வருடத்தைப் பார்த்தார், வக்கீலின் முகத்தைப் பார்த்தார், மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த பீரோ சாவி எத்தனை பேர்கிட்ட இருக்கு?" என்றார். என்னிடம் மட்டும்தான் என்றேன். அந்தப் பதில் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சட்டைக்கு உள்ளே இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் இருந்த காகிதத்தை வக்கீல் வாங்கக் கையை நீட்டினார். இவர் விடவில்லை. இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "அங்கிருந்தே படிங்க சார்" என்றார். எங்கள் வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசைக்கு மேலே கழுத்தை நீட்டிப் படித்தார். நான் சிரிப்பை அடக்கக் கோப்புகளுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தொழில் அப்படி. ஒருநாள் அவரே சொன்னார்: "முப்பது வருஷத்துல எந்தக் கடைக்காரனும் தராசு கெட்டுப்போச்சுன்னு சும்மா கூப்பிட்டதில்ல. தனக்கு நஷ்டமா கெட்டாத்தான் கூப்பிடுவான். வாங்குறவனுக்கு நஷ்டமா கெட்டா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்." கடை கடையாக இதையே பார்த்த மனிதர் யாரைத்தான் நம்புவார்?

அவர் கையில் இருந்தது ஒரு கிரய ஒப்பந்தம். பின்தெருவில் மூன்று அறையும் பின்பக்கக் குழாயும் மாடிக்கு இரும்பு ஏணியுமாக ஒரு சின்ன வீடு. அதை விற்க ஒத்துக்கொண்டவர் ஒரு மருந்துக்கடைக்காரர். தராசுக்காரரும் மனைவியும் அச்சகத்துக்கு மேலே இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தார்கள். கீழே இயந்திரம் ஓடினால் மேலே டம்ளர் நகரும். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு, வயதான காலத்தில் நகராத தரையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இருபத்திரண்டு வருடச் சேமிப்பை முன்பணமாகக் கொடுத்தார். விலையில் முக்கால் பங்கு அது. நாலு மாதத்தில் மீதியைக் கொடுத்துப் பத்திரம் பதிந்துகொள்வது என்று ஏற்பாடு.

நாலு மாதம் பதினெட்டு மாதம் ஆனது. விற்பவர் இழுத்தடித்தார் என்று நினைப்பீர்கள். இல்லை, இழுத்தடித்தது இவர்தான்! பழைய பத்திரத்தில் கிழக்கு மேற்கு நாற்பத்தோரு அடி என்று இருந்தது. இவர் தன் டேப்பை வைத்து அளந்தார். நாற்பது அடி ஒன்பது அங்குலம் வந்தது. மூன்று அங்குலம் எங்கே போயிற்று? அது தெரியாமல் பதிவு இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை கடைத்தெருவுக்கு விடுமுறை. வியாழன் தோறும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளப்பார். மழைக்கு முன்னால் அளந்தார், மழைக்குப் பின்னால் அளந்தார். மருந்துக்கடைக்காரர் ஏன் அவசரப்படப் போகிறார்? முக்கால் பணம் கைக்கு வந்தாயிற்று. வீடும் கையில். "நல்லா அளங்க" என்று சொல்லி நாற்காலி வேறு போட்டுக் கொடுத்தாராம்.

அப்படி ஒரு வியாழக்கிழமை போனபோது கதவில் நீதிமன்ற அறிவிப்பு ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. மருந்துக்கடைக்காரர் ஒரு மொத்த வியாபாரியிடம் வருடக்கணக்கில் சரக்கு வாங்கிப் பணம் கொடுக்கவில்லை. அவர் வழக்குப் போட்டு, வீட்டை ஜப்தி செய்துவிட்டார். இனி வீடு ஏலத்துக்குப் போகும். வருகிற பணம் மொத்த வியாபாரிக்கு. தராசுக்காரருக்கு அந்த மூன்று அங்குலம்கூட மிஞ்சாது.

"ஒப்பந்தம் ஜப்திக்கு முன்னாடி நிஜமாவே போட்டதுன்னா நாம பொழைக்கலாம்" என்று எங்கள் வக்கீல் அவருக்கு விளக்கினார். "மீதிப் பணத்தைக் கோர்ட்ல கட்டி வீட்டை வாங்கிக்கலாம். ஆனா ஜப்திக்கு அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து எழுதி, பழைய தேதி போட்டுக்கிட்டீங்கன்னு ஜட்ஜ் நெனச்சா, எல்லாம் போச்சு."

"தேதி மேலேயே போட்டிருக்கே சார்."

"யார் வேணா எந்தத் தேதி வேணா போடலாம். நேத்துப் போட்டதில்லன்னு எப்படிக் காட்டுவீங்க?"

அன்று சாயங்காலம், அவர் பக்கத்திலேயே காவல் நிற்க, நான் அந்த ஒப்பந்தத்தை நிதானமாகப் பார்த்தேன். பதிவு செய்யப்படாதது. முத்திரைத்தாள், ஒப்பந்தத்துக்கு ஒரு வருடம் முன்னாலேயே மருந்துக்கடைக்காரர் பேரில் வாங்கியது. பணம் முழுக்க ரொக்கம். சாட்சி இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் மருந்துக்கடைக்காரரின் மைத்துனர். பொய்ப் பத்திரம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இதையே எடுத்துக் காட்டலாம். உண்மையைச் சொல்கிறேன், நானே அவரை நம்பவில்லை. ஜப்தியிலிருந்து வீட்டைக் காப்பாற்ற மருந்துக்கடைக்காரர் பிடித்து வந்த ஆள் என்றுதான் முடிவு கட்டினேன்.

"ஏன்யா பதியல?" என்று அவரிடம் கேட்டேன்.

"பதிஞ்சா ஊருக்கே தெரியும். என் மச்சானுக்குத் தெரியும். தெரிஞ்சா தொழில் தொடங்குறேன், கொஞ்சம் குடுங்க மாப்ளேன்னு வந்து நிப்பான்."

"வீட்டுலயாவது சொன்னீங்களா?"

"அவ அண்ணன்தானே என் மச்சான்!" என்று என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஆக, கையெழுத்துப் போட்டவர்களைத் தவிர அந்தக் காகிதத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. நகல் எடுத்ததில்லை. பாங்க் லாக்கரில் வைத்ததில்லை. வீட்டில் பழுதுக்கு வந்து யாரும் திருப்பி வாங்காத ஒரு மேடைத் தராசு கிடந்தது. அதன் தட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தாராம். ஏமாந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு கதவாகச் சாத்தியவர், கடைசியில் தனக்கு நம்பும்படி சாட்சி சொல்ல ஒரு ஆள்கூட இல்லாமல் செய்துகொண்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இதற்கு நடுவே மருந்துக்கடைக்காரர் ஆபீசுக்கு வந்தார். வாயெல்லாம் பல். "எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க. எந்தக் கூண்டுல வேணா ஏறுறேன். அவரு குடுத்தது உண்மை, நான் வாங்கினது உண்மை" என்றார். அவர் போனதும் எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஆளின் 'ஆமாம்' எங்களுக்கு விஷம். கடன்காரனே ஓடி வந்து ஆமாம் போட்டால், வீட்டை இவர் பேருக்கு மாற்றிப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளத் திட்டம் என்றுதானே எவனும் நினைப்பான்? மொத்த வியாபாரி அப்படித்தான் நினைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்கிறார், அவ்வளவுதான். நீதிமன்ற வராந்தாவில் தராசுக்காரரைப் பார்த்து, "எவ்வளவு கமிஷன் பேசியிருக்கே?" என்று கேட்டாராம். அன்று தராசுக்காரர் என்னிடம் வந்து அதையே இரண்டு தடவை சொன்னார். ஊரையே திருடனாகப் பார்த்தவரை முதல்முறையாக ஒருவர் திருடனாகப் பார்த்துவிட்டார். அது தாங்கவில்லை.

விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், வக்கீல் இல்லாத நேரத்தில், ஒரு அம்மா வந்தார். கையில் துணிப்பை. உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைத்தெருவுல பேசிக்கிட்டாங்க. தராசுக்காரர் கேசு இங்கதான நடக்குது?"

"நீங்க யாரும்மா?"

"அதை அப்புறம் சொல்றேன். அந்த வீட்டுல இருக்கிறவ யாரு? அதை மொதல்ல சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வீட்டில் மருந்துக்கடைக்காரரின் தங்கை, கணவனை இழந்தவர், இருந்தார் என்பது கோப்பில் இருந்தது. அதைச் சொன்னேன். அந்த அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பெஞ்சு முனகியது.

"தங்கச்சியா? நெசமாவா?"

"நெசம்தாம்மா. வீட்டை உங்க வீட்டுக்காரர் வாங்கறதா ஒப்பந்தம். நீங்க அவரு சம்சாரம்தானே?"

"வாங்கறாரா? யாருக்கு?"

"உங்களுக்குத்தான், வேற யாருக்கு?"

"அப்படின்னு அவரு சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்லவில்லைதான். நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதையைச் சொன்னார். வியாழக்கிழமையானால் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார். எங்கே என்றால் பதில் இல்லை. பரண்மேல் சேமிப்பு வைத்திருந்த தகரப் பெட்டி காலி. ஒருநாள் பின்னாலேயே போனால், பின்தெருவில் ஒரு வீட்டுக் கதவை ஒரு பெண் திறக்கிறாள், இவர் உள்ளே போகிறார், ஒரு மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் சுண்ணாம்பாக வெளியே வருகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீட்டைக் குடைந்ததில் மேடைத் தராசுக்கு அடியில் ஒப்பந்தம் கிடைத்தது. அவளுக்கு வீடு வாங்கிக் கொடுக்கிறார் என்று முடிவாயிற்று.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"கீழ அச்சகத்துல நகல் எடுத்தேன். எடுத்துட்டுப் பழையபடி அங்கயே செருகிட்டேன். குடும்ப நல ஆலோசனை ஆபீசுல மனு குடுத்தேன். என் புருசன் இன்னொருத்திக்கு வீடு வாங்குறாரு, அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னு. நகலை அதோட சேத்துக் குடுத்தேன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "எப்போம்மா?"

துணிப்பையிலிருந்து மனுவின் மறுபிரதியை எடுத்தார். அதன் தலையில் 'பெறப்பட்டது' என்று உருண்டையாக ஒரு முத்திரை. நடுவில் தேதி. இரண்டாவது பக்கம் ஒப்பந்தத்தின் நகல், அதன் மேலும் அதே முத்திரை. ஜப்தி உத்தரவு டிசம்பர் மாதம். இந்த முத்திரை அதே வருடம் மார்ச். ஒன்பது மாதம் முந்தியது!

"அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலியா?"

"கடைக்கு லெட்டர் போட்டாங்களாம். ஆபீஸ் கவர்னா வரி கேக்கறதாத்தான் இருக்கும்னு வாங்காமத் திருப்பி அனுப்பிட்டாராம். ரெண்டு தடவை. அப்புறம் அவங்களும் விட்டுட்டாங்க, நானும் விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று ராத்திரியே கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, மறுநாள் இரண்டு பேரையும் வக்கீலுக்கு எதிரே உட்கார வைத்தேன். தராசுக்காரர் மனுவைப் படித்தார். 'இன்னொரு பெண்ணுடன் தொடர்பு' என்ற வரியில் விரல் நின்றது.

"என் மேல மனு குடுத்தியா நீ?"

"குடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எங்க போறீங்கன்னு கேட்டேன். எங்கயும் இல்லன்னீங்க. சலவைச் சட்டை போட்டுக்கிட்டு எவனாவது எங்கயும் இல்லாத எடத்துக்குப் போவானா?"

"டேப்பு எடுத்துக்கிட்டுத்தானே போனேன்?"

"அதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு."

வக்கீல் இருமினார். நான் ஜன்னலைப் பார்த்தேன். தராசுக்காரர் விரலை மனுவின் தலைப்பக்கம் நகர்த்தினார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்து, "இந்த சீல் எப்போ குத்தினது?" என்றார்.

"அதுலயே தேதி இருக்கே."

"யார் வேணா எந்தத் தேதி வேணா போடலாம்னு வக்கீல் சார்தானே சொன்னாரு?"

தன்னைக் காப்பாற்ற வந்த காகிதத்தையும் அவர் சந்தேகப்பட்டார்! எனக்கு வந்த கோபத்தில் அப்படியே அவரை இழுத்துக்கொண்டு ஆலோசனை ஆபீசுக்குப் போனேன். அங்கே பதிவேட்டை எடுத்து வைத்தார்கள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முந்தின மனுவின் எண், பிந்தின மனுவின் எண், மையின் நிறம் எல்லாம் பார்த்தார். நடுவில் இருந்தது அவர் மனைவியின் மனு. கைநாட்டு இல்லை, கையெழுத்து. கொஞ்சம் கோணலாக, அழுத்தி எழுதியிருந்தது. பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

"இதைக் கோர்ட்ல சத்தமாப் படிப்பாங்களா?" என்று வழியில் கேட்டார்.

"படிப்பாங்க."

"கடைத்தெரு ஆளுங்கள்லாம் வருவாங்க."

"வருவாங்க. வேண்டாம்னா விட்டுடலாம். வீடு போகும்."

மூன்று நாள் அவர் வரவே இல்லை. மானமா வீடா என்று மனிதர் தராசில் வைத்துப் பார்த்திருப்பார். நாலாம் நாள் வந்து, "போட்டுடுங்க" என்றார்.

விசாரணை நாளில் கூட்டம் அதிகம்தான். கடைத்தெருவில் பாதிப் பேர் தங்கள் தராசுகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தார்களோ தெரியவில்லை. ஆலோசனை ஆபீஸ் எழுத்தர் பதிவேட்டைக் காட்டிவிட்டு இறங்கினார். பிறகு அந்த அம்மா ஏறினார். மனுவை வாசித்தபோது பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. தராசுக்காரர் தலை நிமிரவில்லை. மொத்த வியாபாரியின் வக்கீல் கெட்டிக்காரர். பதிவேட்டை உடைக்க முடியாது என்று தெரிந்ததும் வேறு பக்கம் வந்தார்.

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு இந்த மனுவைக் குடுத்தீங்க. சரியா?"

"பேசி வெச்சா? அவரு என்கிட்ட பேசியிருந்தா நான் எதுக்கு சார் மனு குடுக்கப் போறேன்?"

நீதிபதியே சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். வக்கீல் விடவில்லை. குரலைத் தேன் போல ஆக்கிக்கொண்டார். மனைவி சமாதானமாகிவிட்டார், அதனால் கணவனுக்காகப் பேசுகிறார் என்று காட்டுவது அவர் நோக்கம்.

"சரிம்மா. இப்போ எல்லாம் தெளிவாயிடுச்சு. இப்போ உங்களுக்கு அவர் மேல சந்தேகம் எதுவும் இல்லையே?"

அந்த அம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார். அப்போதுதான் தராசுக்காரர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார்.

"இருக்கு" என்றார் அந்த அம்மா. "வீடு எனக்காகத்தான்னு வக்கீல் சொல்றாரு. குமாஸ்தா சொல்றாரு. இவரு இன்னும் சொல்லல."

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்தார். அந்த ஒரு பதிலில் எங்கள் வழக்கு ஜெயித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இப்படிப் பேசுகிற மனைவி புருசனோடு சேர்ந்து கள்ளப் பத்திரம் எழுத மாட்டாள். ஆனாலும் தராசுக்காரரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் சம்சாரத்தைக் கூண்டில் ஏற்றி இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஒப்பந்தம் ஜப்திக்கு முந்தியது, உண்மையானது என்று உத்தரவு வந்தது. மீதிக் கால் பங்கைத் தராசுக்காரர் நீதிமன்றத்தில் கட்டினார். அது மொத்த வியாபாரிக்குப் போயிற்று. அவர் வராந்தாவில் தராசுக்காரரிடம் வந்து, "தப்பா நெனச்சிட்டேன்" என்றார். மருந்துக்கடைக்காரரைத் தேடிக்கொண்டு அவருக்குக் கடன் கொடுத்த மற்றவர்கள் அலைந்தார்கள். அது வேறு கதை.

கிரயப் பத்திரம் தயாரிக்க இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். நான் பேனாவை எடுத்து, வாங்குபவர் பெயர் என்று சொல்லி நிறுத்தினேன்.

"அவ பேர்ல எழுதுங்க" என்றார் தராசுக்காரர்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அந்த அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு என் பேர்ல? யாருக்குப் பயந்துக்கிட்டு?"

"யாருக்கும் பயமில்ல."

"உங்களுக்கு வேற கடன் ஏதாவது இருக்கா? நாளைக்கு இதையும் எவனாவது ஜப்தி பண்ணுவானா?"

தராசுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதற்கு உதவுவேன்? அவர் சொல்லக்கூடியது எல்லாம் உண்மைதான். அதைக் காட்டத்தான் அவரிடம் ஒன்றும் இல்லை. முப்பது வருடம் சேர்ந்து இருந்தும், இந்த ஒரு நேரத்தில் எடுத்து நீட்ட ஒரு அத்தாட்சியை அவர் சேர்த்து வைக்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. நான் அதுவரை பார்க்காத ஒன்று.

"உனக்காகத்தான் வாங்கினேன்" என்றார். "மொத நாள்லேர்ந்தே உனக்காகத்தான். அச்சகத்துச் சத்தத்துல நீ தூக்கத்துல திடுக்குனு எந்திரிக்கிறதைப் பாத்துட்டுத்தான் வீடு தேடவே ஆரம்பிச்சேன்."

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை.

"இப்ப சொன்னீங்களே, அதை எழுதித் தருவீங்களா?"

நான் சிரிக்கப் போனேன். தராசுக்காரர் சிரிக்கவில்லை. என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, என் பேனாவாலேயே எழுதினார். இரண்டு வரிதான், ஆனால் நேரம் பிடித்தது. எழுதி மனைவி பக்கம் நகர்த்தினார்.

"தேதி?" என்றார் அந்த அம்மா.

அவர் தேதி போட்டார். கீழே கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு என்னைப் போடச் சொன்னார்கள், போட்டேன். அந்த அம்மா தாளை வெளிச்சத்துக்குக் காட்டி ஒருமுறை முழுக்கப் படித்தார். நாலாக மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, என் பேரையே எழுதுங்க" என்றார்.